கோடு போட்ட பக்கம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முட்டிவலியில் தொடங்கி, பிள்ளைகள் பக்கம் போய், எப்படியோ கடைசியில் பழைய கடற்கரையில் வந்து நிற்கிறது. போன வாரம் அப்படி ஒரு பேச்சின் நடுவில், "சின்ன வயசுல நாங்க கோல்ஃப் ஆடினோம்" என்று சொல்லிவிட்டேன். திருவொற்றியூர்க் குப்பத்திலா என்று எல்லோரும் சிரித்தார்கள். "கில்லியைச் சொல்றியா?" என்று கேட்டாள் ஒருத்தி. கில்லி இல்லை. நிஜமான கோல்ஃப் கோல், நிஜமான பந்து. ஆட்டம் மட்டும் எங்களுடையது. சிரித்தவர்களுக்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

அது நான் நாலாம் வகுப்பு முடித்த கோடை. எனக்கு எதை எடுத்தாலும் இடது கைதான் முந்தும். பென்சில் அதில்தான், பல்பொடி அதில்தான், மாங்காய்க்குக் கல் எறிவதும் அதில்தான். எங்கள் பக்கத்தில் வலது கைக்குச் சோத்தாங்கை என்று பெயர், இடது கைக்குப் பீச்சாங்கை. சோறு தின்கிற கை ஒன்று, கழுவுகிற கை ஒன்று. பெயரிலேயே தீர்ப்பை எழுதிவிட்டார்கள், அப்புறம் விசாரணை எதற்கு?

நான் படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடம். லீவு விடுகிற அன்று வகுப்பு சிஸ்டர் அம்மாவை வரச் சொன்னார்.

"எல்லாத்தையும் இடது கையாலேயே எழுதுறா. லீவுல மாத்திடுங்கம்மா. ஜூன் மாசம் வரும்போது வலது கையால ஒரு பக்கம் எழுதிக் காட்டணும். இல்லேன்னா மறுபடியும் நாலாம் கிளாஸ்லதான் உக்காருவா."

அம்மா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். மறுநாள் காலையில், நைனா கம்பெனிக்குச் சைக்கிளை எடுத்துப் போனதும், என் பள்ளிக்கூடச் சிவப்பு ரிப்பனால் என் இடது மணிக்கட்டைப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டினாள். கையில் பென்சிலைக் கொடுத்தாள். "எய்து" என்றாள்.

எழுதினேன். மேற்கிலிருந்து காற்றடித்தால் உரக் கம்பெனி வாடை மூக்கைக் கிள்ளும், கிழக்கிலிருந்து அடித்தால் கருவாடு. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து அந்தக் கோடை முழுக்க 'அ' எழுதினேன். கட்டிப்போட்ட கையில் வேர்வையும் ரிப்பனின் சாயமும் சேர்ந்து சிவப்பாக ஊறிவிடும். சாயந்திரம் நைனா வந்து நோட்டைத் தூக்கிப் பார்ப்பார்.

"இன்னாடி இது? எறும்பு சாராயம் குட்ச்சிட்டு வூட்டுக்குப் போனாப்ல கீது!"

"சிரிக்காதய்யா நீ" என்பாள் அம்மா. "நாலாவதுலயே குந்திகினு இருந்தா அவ கூட படிக்கிற புள்ளைங்கள்ளாம் மேல போய்டும். இவ மட்டும் இங்கியே கெடக்கணுமா?"

நைனா நோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போவார். அவர் வண்டி செய்கிற ஒரு கம்பெனியில் பிட்டர். இரும்போடு பேசத் தெரியும், அம்மாவோடு பேசத் தெரியாது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் மாமா அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்குக் காய்கறியும் கோழியும் கொண்டுபோகிற படகில் அவருக்கு வேலை. திரும்பி வரும்போது வெறுங்கையோடு வரமாட்டார். ஒருநாள் வாசனைச் சோப்பு, ஒருநாள் தகர டப்பாவில் பிஸ்கோத்து. அன்றைக்குத் தோளில் ஒரு ஆள் உயரத் தோல் பை. உள்ளே கோல்கள் கலகலவென்று மோதிக்கொண்டன.

"ஒரு ஆபீசரு ஊருக்குப் போறாரு. லக்கேஜ் ஜாஸ்தியாய்ட்ச்சாம். நீயே வச்சிக்கோன்னு குட்த்துட்டாரு."

"இன்னாடா இது? ஒட்டடை அடிக்கிறதா?" என்றாள் அம்மா.

"கோல்ஃபு, அக்கா. பணக்காரங்கோ ஆடறது."

"பணக்காரன் ஆடிக்கட்டும். நீ ஏன் தூக்கிகினு வந்தே?"

எதிர்வீட்டு மளிகைக்கடை அண்ணாச்சி தராசை அப்படியே விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் தெருவுக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் நாக்கை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்த மாதிரி பேசுவார். "பாம்படிக்கக் கம்புல்லா இது! என்ன பளபளப்பு!"

பையைத் தெருவில் கொட்டினார் மாமா. ஆளாளுக்கு ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தோம். எண்ணெயும் தோலும் கலந்த, எங்கள் தெருவில் இல்லாத வாசனை. கைப்பிடி ரப்பரில் யாருடைய விரலோ தேய்ந்த பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தில் என் விரலை வைத்துப் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பந்துகள் வெள்ளையாக, அம்மை போட்ட முகம் மாதிரி குழிகுழியாக இருந்தன.

"இதுல நம்பர் போட்டுகீது" என்று இரும்புத் தலையைத் திருப்பிக் காட்டினார் மாமா. மூன்று, நாலு, ஐந்து என்று ஒன்பது வரைக்கும் கோலுக்கொரு நம்பர். எல்லோரும் யோசித்தோம். மாமா தன் செருப்பைக் கழற்றி, அடியைத் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சைஸு! நான் ஏயு!"

அவ்வளவுதான், சந்தேகம் தீர்ந்தது. தெருவே செருப்பைத் திருப்பிப் பார்த்தது. நைனா எட்டு. அண்ணாச்சி ஒன்பது. ஆனால் ஒன்பதாம் நம்பர்க் கோல் கட்டையாக இருந்தது. அண்ணாச்சியோ நிலையில் தலை இடிக்கிற உயரம்.

"ஏ, கூனிக்கிட்டுல்லா நிக்கேன்! பெரிய காலுக்குச் சின்னக் கம்பா?"

"வெள்ளக்காரன் காலு பெருசு, ஆளு குள்ளம் போல அண்ணாச்சி" என்றார் மாமா.

நம்பர் இல்லாமல் எழுத்து மட்டும் போட்டவை இரண்டு இருந்தன. ஒன்றில் 'பி', ஒன்றில் 'எஸ்'. மாமா ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. "பி-ன்னா பொம்பள. எஸ்-ன்னா சின்னப் பசங்கோ." அப்படியாக 'பி' அம்மாவுக்கும் 'எஸ்' எனக்கும் வந்தது. மரத்தலை வைத்த கோல் ஒன்றில் ஒன்று என்று போட்டிருந்தது. "கைக்கொயந்தைக்கா?" என்று கேட்ட அம்மா, மிளகாய் காய்கிற பாயில் காக்காய் ஓட்ட அதை எடுத்துக்கொண்டாள். தன் 'பி'யைக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டாள்.

ஆட்டம் கடற்கரையில். பாறை கொட்டிய கரைக்கும் குடிசைகளுக்கும் நடுவில் ஈரம் இறுகிய மணல் ஒரு துண்டு இருந்தது. முதல் நாளே ஒரு வழக்கு வந்தது. கோலின் இரும்புத் தலையில் ஒரு பக்கம் கோடு கோடாகக் கீறியிருந்தது, மறுபக்கம் வழவழப்பாக இருந்தது. எந்தப் பக்கத்தால் அடிப்பது?

"யாராச்சும் மூஞ்சியில கோடு போடுவானா?" என்றார் மாமா. "கோடு போட்டது முதுகு. வயவயன்னு கீறதுதான் மூஞ்சி."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. கோலைப் பிடித்து நின்றால் வழவழப்பான பக்கம்தான் முன்னால் பார்த்தது. அடித்தார்கள். பந்து எங்கேயும் போகவில்லை. இருந்த இடத்திலேயே மணலுக்குள் புதைந்தது. மாமா குனிந்து பார்த்தார். பந்தின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஏதோ தப்பு என்று நினைத்திருப்பார்கள். மாமாவோ துள்ளிக் குதித்தார். கப்பல் சமையல்காரன் அவரிடம் சொல்லியிருந்தானாம், பந்தைக் குழிக்குள் போடுகிற ஆட்டம் இது என்று.

"குயில போடணும்னான். தோ பாரு, பந்து தானாவே குயி தோண்டிக்குது! இதாண்டா ஆட்டம்!"

அன்றிலிருந்து யார் பந்து ஆழமாகப் புதைகிறதோ அவர் ஜெயித்தார். விரலை விட்டு அளந்து பார்ப்பது அண்ணாச்சியின் பொறுப்பு, தராசு பிடிக்கிற கை பொய் சொல்லாது என்பதால்.

ஆட்டம் சூடுபிடித்ததும் கோல்கள் மாறத் தொடங்கின. அண்ணாச்சிக்காக நைனா ஒரு பைப்புத் துண்டைச் செருகி ஒன்பதாம் நம்பரை நீளமாக்கிக் கொடுத்தார். வேர்வையில் வழுக்குகிறதென்று அண்ணாச்சி அதற்குச் சணல் சுற்றினார். சரக்கு மூட்டையிலிருந்து பிரித்த சணல் என்பதால் கோலில் எப்போதும் கொத்தமல்லி வாசனை. நைனா தன்னுடையதற்குச் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினார், மடிப்பே தெரியாமல். மாமா நைலான் வலைநூலால் பிடியைச் சுற்றி வலைக்கண்களாகப் பின்னினார், படகுக்கு அடித்தது போக மிஞ்சிய நீலப் பெயிண்டையும் பூசினார். அடி கனமாக விழ வேண்டும் என்று வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை 'முதுகில்', அதாவது கோடு போட்ட பக்கத்தில், கட்டினார்கள். தெருவில் சாய்த்து வைத்திருக்கிற கோலைப் பார்த்தே அது யாருடையது, ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடலாம்.

சமீபத்தில் என் மகன் கோல்ஃப் பழக ஆசைப்பட்டு ஒரு பெரிய கடைக்குப் போனான். துணைக்கு நானும் போனேன். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பையன் அவனை நிற்க வைத்து, கை நீளம் அளந்து, விரல் அளந்து, பிடி தடிமனா மெல்லிசா, தலையில் எவ்வளவு கனம், கம்பு எவ்வளவு வளையலாம் என்று விளக்கினான். ஆளுக்கு ஏற்ற மாதிரிதான் கோலைச் செய்ய வேண்டுமாம். கோலுக்கு ஏற்ற மாதிரி ஆளை வளைக்கக் கூடாதாம். நான் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன். இதில் பாதியை ஈயக்குண்டு கட்டி நாங்கள் எப்போதோ செய்தாயிற்று, தம்பி. நான் கேட்டதற்கு, நம்பருக்கும் செருப்புக்கும் சம்பந்தமில்லை, அது பந்து எவ்வளவு உயரம் எழும்பும் என்ற கணக்கு என்று அவன் சொன்னபோதுதான் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. 'எஸ்' என்றால் என்ன என்று கேட்டேன். "மணல்ல விழுந்த பந்தைக் கிளப்புறதுக்குன்னே செஞ்சது ஆன்ட்டி" என்றான். அந்தக் கடற்கரையிலேயே சரியான கோல் என் கையில்தான் இருந்திருக்கிறது.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். மே மாதம் தேய்ந்துகொண்டு வந்தது. என் எறும்புகளுக்கு மட்டும் போதை தெளியவில்லை. அம்மா பயந்துபோனாள். காலையில் மட்டும் கட்டிய ரிப்பன் மத்தியானமும் இருந்தது, அப்புறம் சாயந்திரமும். பிள்ளைகள் ஓடிப்பிடித்து ஆடும்போது நான் ஒரு கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு ஓடினேன். தடுக்கி விழுந்தால் ஊன்றக் கை கிடையாது. ஒருநாள் அப்படி விழுந்து உதடு கிழிந்தது. அம்மா மஞ்சள் வைத்து அழுத்தினாள், ரிப்பனை அவிழ்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் எல்லோரும் இருந்தார்கள். நான் கட்டிய கையோடு ஓரமாக நிற்பதைப் பார்த்து மாமா வந்து முடிச்சை அவிழ்த்தார்.

"ஒரு அடி அடிச்சிட்டு கட்டிக்கலாம், வா. உன் கோலு துருப்புடிச்சிகினு கீது."

எல்லோரையும் போல நின்று அடித்தேன். கோல் பந்தைத் தொடவேயில்லை, மணலைக் கொத்தியது. இரண்டாவது அடியும் அப்படித்தான். "இது உன் நோட்டு மாறியே கீது" என்று யாரோ கிண்டல் செய்தார்கள். அதற்குள் மாமாவுக்கும் அண்ணாச்சிக்கும் ஆழத்தில் தகராறு. எல்லோரும் குனிந்து குழியைப் பார்க்கப் போய்விட்டார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. நான் பந்தைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்றேன். கை தானாக மாறியது. கோடு போட்ட பக்கம் முன்னால் பார்த்தது.

அடித்த சத்தமே வேறு மாதிரி இருந்தது. பந்து மணலை உதறிக்கொண்டு எழுந்தது, எல்லோருடைய தலைக்கும் மேலே போனது, பாறைகளைத் தாண்டிக் கடலில் விழுந்தது. குனிந்திருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள்.

"அவுட்டு!" என்று கத்தினார் மாமா. "பந்து குயிக்குள்ள போவணும்டி, வானத்துக்கு இல்ல! இன்னா அடி அது, பீச்சாங்கை அடி!"

"ஒரு பந்து போச்சுல்லா" என்று அண்ணாச்சி கடலைப் பார்த்தார்.

செய்தி என்னைவிட வேகமாக வீட்டுக்குப் போயிற்று. உன் பெண் பீச்சாங்கையால் அடித்துப் பந்தைக் கடலில் போட்டுவிட்டாள் என்று எந்தப் பிள்ளையோ போய்ச் சொல்ல, மீன் கழுவிய ஈரக்கையோடு அம்மா மணலில் நடந்து வந்தாள். அவள் நடந்து வருகிற தினுசைப் பார்த்து அண்ணாச்சி இரண்டடி பின்னால் நகர்ந்தார். மணலில் கிடந்த ரிப்பனை எடுத்து இடுப்பில் செருகினாள். என் கையிலிருந்த கோலைப் பிடுங்கினாள்.

"எவன்டா இவ கைய அவுத்தது? இன்னும் கொஞ்ச நாள்ல பள்ளிக்கூடம் தொறக்கப் போவுது. நீ வந்து எய்துவியா இவளுக்குப் பதிலா?"

"ஒரு ஆட்டம்தானக்கா..."

"ஆட்டமாம் ஆட்டம்! வளந்த எருமைங்கோ மண்ணுல பந்தப் பொதைக்கிறது ஒரு ஆட்டமா?"

"நீ வந்து அடிச்சிப் பாரு, தெரியும்" என்றார் மாமா ரோஷத்தோடு. "உனுக்கு இன்னா தெரியும் இந்த ஆட்டத்தப் பத்தி? சும்மா பேச வந்துட்டே."

அம்மாவுக்குக் கோபம் வந்தால் பதில் பேசமாட்டாள், எதையாவது செய்துவிடுவாள். மாமாவின் காலடியில் ஒரு பந்து கிடந்தது. அதை உடைத்துவிடுகிற வேகத்தில் கோலை ஓங்கினாள். ஓங்கியது எப்படி என்று அவளுக்கே தெரியாது. பந்து பாறைகளுக்கு மேலே போய், வெயிலில் ஒரு நொடி காணாமல் போய், அப்புறம் தூரத்தில் தண்ணீர் தெறித்தது.

யாரும் "அவுட்டு" சொல்லவில்லை.

"அக்கா," என்றார் மாமா மெதுவாக. "நீ இன்னாக்கா அந்தப் பக்கம் நின்னே?"

"எந்தப் பக்கம்?"

அம்மா குனிந்து தன் காலைப் பார்த்தாள். கோலைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். நான் நின்ற மாதிரியே நின்றிருந்தாள்.

தீக்குச்சியைப் பற்றவைக்கும் முன் அது அவள் கையில் ஒரு தரம் இடம் மாறும். ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவாள். அரிவாள்மனை அவள் விரலை விட்டுவைத்த நாள் குறைவு. அவள் கையிலிருந்து தட்டு விழுந்தால், "கை வெளங்காத மருமக" என்று நைனாவைப் பெற்ற ஆயா சிரிப்பாள், அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். சின்ன வயதில் அவளையும் யாரோ மாற்றியிருக்க வேண்டும். அது அவளுக்கே மறந்துபோகிற அளவுக்குச் சீக்கிரமாக, அவ்வளவு கெட்டியாக. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் முகம்தான். திருடு போன பொருளை வேறு யார் வீட்டிலோ பார்த்துவிட்ட மாதிரி ஒரு முகம்.

நைனா வந்து கோலை வாங்கினார். கோடுகளின் மேல் கட்டை விரலை வைத்துத் தடவினார்.

"இது பிடிப்புக்குப் போட்ட கோடு. இதாம்பா மூஞ்சி. பீச்சாங்கைக்காரனுக்குன்னே செஞ்சது. நாமதான் கவுத்துப் புட்ச்சிகினு ஆடிகினு இருந்தோம்."

பையைத் தூக்கிக் கொடுத்த ஆபீசர் எந்தக் கையால் கொடுத்தார் என்று மாமாவிடம் கேட்டார்கள். "கையவா பாத்துகினு இருந்தேன், பையப் பாத்துகினு இருந்தேன்" என்றார் மாமா. பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். "நெருப்புல காய வச்சி தலைய மட்டும் திருப்பிட்டா? உங்க கம்பெனியிலயே செய்யலாமே. சோத்தாங்கைக்கு ஆய்டும்."

"திருப்பலாம்" என்றார் நைனா. "கழுத்து தாங்குமான்னு தெரியாது."

"அத்த ஏன்டா திருப்புறே?" என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. "அது ஒயுங்காத்தான கீது."

சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். இடது கையை. மறுநாள் காலை ரிப்பனை எடுத்தாள். மணிக்கட்டை நீட்டினேன். அவள் அதைத் தள்ளிவிட்டு, என் தலையைத் திருப்பிச் சடையில் கட்டினாள்.

கோல்கள் அதன் பிறகு ஆட்டத்தில் அதிக நாள் தங்கவில்லை. மாமா ஆசை விடாமல் தன் நீலக்கோலை யாரிடமோ கொடுத்துச் சூடு காட்டித் திருப்பினார். கழுத்தோடு முறிந்தது. அண்ணாச்சியினுடையது கடை ஷட்டரை இழுத்து மூடுகிற கொக்கியாக ரொம்ப நாள் உழைத்தது. என் 'எஸ்' எந்த வெள்ளத்தில் போனதோ தெரியாது.

ஜூன் வந்தது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சிஸ்டர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"மாத்திட்டீங்களா?"

"மாத்திப் பாத்தேன் சிஸ்டர்." அம்மா இரண்டு தாளை மேஜையில் வைத்தாள். ஒன்றில் எறும்புகள். இன்னொன்றில் நான் இடது கையால் எழுதிய அதே பாடம். "இந்த ரெண்டுல எத்த படிக்க முடியுதுன்னு நீங்களே பாருங்க."

சிஸ்டர் பார்த்தார். "இது நல்லாத்தான் இருக்கு. ஆனா இடது கையில எழுதுனது."

"எந்தக் கை எய்திச்சுன்னு எயுத்து சொல்லுதா சிஸ்டர்?"

"பழக்கம்னு ஒண்ணு இருக்கும்மா. நாளைக்கு ஒரு விருந்துல இந்தக் கையால சாப்பிட உக்காந்தா ஊர் என்ன சொல்லும்?"

"சோறு சோத்தாங்கையிலதான் துன்னுவா. அத்த நான் பாத்துக்கறேன்." அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "சோத்துக்கு ஒரு கைன்னு பேரு வச்சாங்கோ, கயுவறதுக்கு ஒரு கைன்னு பேரு வச்சாங்கோ. எயுத்துக்கு எந்தக் கைன்னு யாரும் பேரு வைக்கலியே சிஸ்டர்?"

மின்விசிறிக் காற்றில் அந்த இரண்டு தாளும் படபடத்தன. சிஸ்டர் நல்ல தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் எந்தக் கையால் வாங்குகிறேன் என்று பார்த்தார். இடது கையால்தான் வாங்கினேன்.

"அஞ்சாம் கிளாஸ் மாடியில" என்றார்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டேன். பின்னால் சிஸ்டர் அம்மாவிடம் கேட்பது காதில் விழுந்தது. குரல் மாறியிருந்தது.

"நீங்க எந்தக் கையால எழுதுவீங்கம்மா?"

"சோத்தாங்கைதான் சிஸ்டர்" என்றாள் அம்மா. "எனக்காவ யாரும் வந்து கேக்கல."